சூட்டை அடக்கிய சிறு பலகை

1957 ஜூன் 30. இங்கிலாந்தில் கர்னல் ஹெச்.ஜே. டாப்ளின் 'ரேடியோ க்வீன்' என்ற மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். அதே ரக விமானம் 1954-இலேயே டீசல் எஞ்சினோடு ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பெயர் வாங்கியிருந்தது. டாப்ளின் எஞ்சினை நீக்கிவிட்டு, அரசின் உபரிச் சரக்கில் கிடைத்த ஒரு மின்மோட்டாரையும் வெள்ளி-துத்தநாக பேட்டரிகளையும் அதில் பொருத்தினார். ரேடியோவால் இயக்கப்பட்டு மின்சாரத்தில் பறந்ததாக அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் மாதிரி விமானம் அதுதான்.

பறக்க வைத்தாயிற்று. வேகத்தைக் குறைப்பது எப்படி? எரிபொருள் எஞ்சினுக்கு இது பெரிய கேள்வியே இல்லை. ரேடியோ கட்டளைப்படி அசையும் ஒரு சர்வோ கார்புரேட்டரின் வாயைக் கொஞ்சம் மூடினால் உள்ளே போகும் கலவை குறையும், எஞ்சின் அடங்கிவிடும். பேட்டரிக்கு அப்படி மூடித் திறக்க வாய் கிடையாது. மோட்டாருக்குப் பாதி சக்தி போதும் என்றால் மீதியை என்ன செய்வது? அதை எங்காவது எரித்துத் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரியிலிருந்து வெளியே வராமலே தடுக்க வேண்டும். மாதிரி விமானக்காரர்கள் முதல் வழியிலிருந்து இரண்டாவதற்கு வந்து சேர்ந்த கதைதான், இன்று கடைகளில் 'இஎஸ்சி' என்று கேட்டு வாங்கப்படும் மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் வரலாறு. அதன் உறையில் அச்சிட்டிருக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு பழைய தலைவலி இருக்கிறது. கருவியைத் தேர்ந்தெடுக்கப்போகிறவருக்கு அந்தத் தலைவலிகளைத் தெரிந்துவைத்திருப்பது உதவும்.

டாப்ளின் பறக்கவிட்ட அதே 1957-இல் ஜெர்மனியில் ஃப்ரெட் மிலிட்கியும் மின்சாரத்தில் ஒரு மாதிரியைப் பறக்கவிட்டார். ரேடியோ இல்லாமல் தன் போக்கில் பறக்கும் இலகுவான விமானம் அது. கிராப்னர் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த 'சைலென்டியஸ்' 1960-ஐ ஒட்டிக் கடைகளுக்கு வந்தது. 1972-இல் ரேடியோவோடு பறக்கும் 'ஹை-ஃப்ளை' வந்தது. மிலிட்கி அத்தோடு நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில், அவர் யோசனைப்படி மாற்றியமைத்த மோட்டார் கிளைடரில் ஹைனோ பிர்டிச்கா ஏறி உட்கார்ந்து பறந்தார். மனிதனைச் சுமந்து சென்ற முதல் மின் விமானமான எம்பி-இ1 அது. அட்லாண்டிக்கின் மறுகரையில் ராபர்ட், ரோலண்ட் பூஷே சகோதரர்களின் ஆஸ்ட்ரோ ஃப்ளைட் நிறுவனம் 1974 நவம்பர் 4 அன்று 'சன்ரைஸ்' என்ற ஆளில்லா விமானத்தைச் சூரிய ஒளியால் மட்டுமே பறக்கவைத்தது. 1981-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த 'சோலார் சேலஞ்சர்' விமானத்துக்கும் ஆஸ்ட்ரோ ஃப்ளைட் மோட்டார்களே துணை.

இவ்வளவு பெரிய சாதனைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வரும் சாதாரணப் பொழுதுபோக்காளரிடம் இருந்த வேகக் கட்டுப்பாடு என்ன? ஒரு சுவிட்ச். சர்வோவின் கை ஒரு மைக்ரோ சுவிட்சை அழுத்தினால் மோட்டார் முழு வேகத்தில் ஓடும், விட்டால் நின்றுவிடும். அந்தக் கால மின் விமானங்கள் பெரும்பாலும் கிளைடர் ஜாதி என்பதால் இது ஓரளவு போதுமானதாக இருந்தது. மோட்டாரைப் போட்டு மேலே ஏறு, நிறுத்திவிட்டுக் காற்றில் மித, இறங்கினால் திரும்பப் போடு. ஆனால் பத்து, இருபது ஆம்பியர் ஓடும் இணைப்பைத் துண்டிக்கும்போதெல்லாம் சுவிட்சின் முனைகளுக்கு நடுவே பொறி பறக்கும். நாளடைவில் முனைகள் கருகும். சில சமயம் ஒட்டியே போகும். ஒட்டிவிட்டால் மோட்டாரை நிறுத்த வழியில்லை. பேட்டரி தீரும்வரை விமானி காத்திருக்க வேண்டியதுதான்.

கார்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 மாதிரியோடு ரிமோட் கார் சந்தையில் இறங்கியது. அந்தக் கால மின்கார்களில் சர்வோ ஒரு தொடுமுனையை நகர்த்தும். அது ரெசிஸ்டரைப் படிப்படியாக மோட்டாரோடு தொடரில் சேர்க்கும். வேகம் குறைந்தது உண்மை. அதற்குக் கொடுத்த விலை சூடு. 7.2 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர் ஓடும்போது பாதி வோல்ட்டை ரெசிஸ்டர் தின்றால் 36 வாட் வெறும் வெப்பமாகப் போகிறது. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். காரின் அடியில் அலுமினியத் தகடு வைத்துச் சமாளிக்கலாம். எடையை கிராம் கிராமாக எண்ணும் விமானத்தில், மெல்லிய பால்சா மரத்துக்கும் பிளாஸ்டிக் படலத்துக்கும் நடுவே இந்த அடுப்பை யார் வைப்பார்கள்?

விடை 1970-களின் இறுதியில் சந்தைக்கு வந்த பவர் மாஸ்ஃபெட். மிகச் சிறிய சைகைக்கு மிகப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் குறைகடத்திச் சுவிட்ச் அது. நகரும் பாகம் கிடையாது, பொறி கிடையாது. இதை வைத்து மோட்டாரை வேகமாகப் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தினால், மோட்டாருக்குப் போய்ச் சேருவது ஒரு சராசரி. பாதி நேரம் திறந்திருந்தால் பாதி வேகம். முழுதும் திறந்திருக்கும்போது மாஸ்ஃபெட்டில் இழப்பு குறைவு, முழுதும் மூடியிருக்கும்போது இழப்பே இல்லை. மின்தடை 10 மில்லி ஓம் என்றால் 10 ஆம்பியரில் வீணாவது ஒரே ஒரு வாட். 36 வாட் எங்கே, ஒரு வாட் எங்கே!

இங்கும் ஒரு சறுக்கல் இருந்தது. ரேடியோ ரிசீவர் ஒவ்வொரு சர்வோவுக்கும் வினாடிக்கு சுமார் 50 முறை ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பின் நீளம் 1 மில்லிசெகண்ட் என்றால் ஒரு கோடி, 2 மில்லிசெகண்ட் என்றால் மறு கோடி. தொடக்ககாலக் கன்ட்ரோலர்கள் அந்தத் துடிப்பின் தாளத்திலேயே மோட்டாரையும் போட்டு நிறுத்தின. வினாடிக்கு 50 முறை என்பது மோட்டார் சுருளுக்கு மிக மந்தமான தாளம். திறந்திருக்கும் 10 மில்லிசெகண்டில் மின்னோட்டம் உச்சிக்குப் போய்விடும். மூடியிருக்கும் 10 மில்லிசெகண்டில் சுழியத்துக்கு வந்துவிடும். சராசரி 10 ஆம்பியர் வேண்டுமானால் பாதி நேரம் 20 ஆம்பியர் ஓட வேண்டும். கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே சராசரிக்கு இரண்டு மடங்கு சூடு. பாதி வேகத்தில் பறந்தால் பேட்டரி ரொம்ப நேரம் நிற்கும் என்று நம்பியவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. பிறகு தாளத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை என்று உயர்த்தினார்கள். 'ஹை ரேட்' என்ற முத்திரையோடு அவை விற்றன. சுருளின் தூண்டல் குணமே மின்னோட்டத்தைச் சீராக்கிக்கொள்ள, பாதி த்ராட்டில் என்பது நிஜமான பாதியானது.

அடுத்து எடை. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனியாக நான்கு செல் பேட்டரி வைப்பது வழக்கம். சிறிய விமானத்தில் அதுவே பெரிய பாரம். மோட்டார் பேட்டரியிலிருந்தே 5 வோல்ட் எடுத்துக் கொடுக்கும் சுற்றைக் கன்ட்ரோலருக்குள் சேர்த்தார்கள். இன்றும் உறையில் 'பிஇசி' என்று போட்டிருப்பது இதைத்தான். ஒரே பேட்டரியை நம்பினால் இன்னொரு அபாயம் உண்டு. மோட்டார் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டால் ரிசீவர் செத்துப்போகும், விமானம் கைவிட்டுப் போகும். எனவே மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் மோட்டாரை மட்டும் நிறுத்தும் 'கட்-ஆஃப்' வந்தது. மோட்டார் ஓய்ந்த பிறகும் சர்வோக்களை இயக்கித் தரையிறக்கப் பேட்டரியில் மிச்சம் இருக்கும். மடியும் ப்ரொப்பெல்லர் வைத்த கிளைடர்களில், மோட்டாரை நிறுத்திய பிறகும் எதிர்க்காற்று ப்ரொப்பெல்லரைச் சுற்றிக்கொண்டே இருந்தால் இலைகள் மடியாது. அதனால் சுழற்சியைப் பிடித்து நிறுத்தும் 'பிரேக்' வந்தது. பற்சக்கரப் பெட்டியின் பல் உடையாமல் இருக்க மெதுவான தொடக்கம் வந்தது. த்ராட்டில் குச்சி கீழே இருப்பதைப் பார்க்காமல் மோட்டாரைச் சுற்றவிடாத பாதுகாப்பும் வந்தது. இன்றைய இஎஸ்சியின் அமைப்புப் பட்டியலில் உள்ள பலவும் கிளைடர்க்காரர்களும் விரலைக் காயப்படுத்திக்கொண்டவர்களும் கேட்டு வாங்கியவை.

இதுவரை சொன்னதெல்லாம் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்களின் காலம். மபூச்சி நிறுவனத்தின் 380, 550 வகை மோட்டார்கள் பொம்மைகளிலும் கருவிகளிலும் கோடிக்கணக்கில் ஓடின; அவற்றை கிராப்னர் 'ஸ்பீட் 400', 'ஸ்பீட் 600' என்ற பெயர்களில் விமானக்காரர்களுக்குக் கொண்டுவந்தது. மலிவு, எளிமை. ஆனால் உள்ளே போகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் சுழற்சியாக வெளியே வரும். பிரஷ் தேயும், பொறி பறக்கும், அந்தப் பொறியின் இரைச்சல் ரேடியோவையும் குழப்பும். மோட்டாரின் முதுகில் சின்னச் சின்னக் கபாசிட்டர்களை ஈயம் வைத்து ஒட்டுவது அந்தக் காலத்துக் கட்டாய வேலை.

பிரஷ்ஷை அறவே எடுத்துவிட்டால் என்ன? எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்று முடிவெடுக்கும் வேலை அப்போது கன்ட்ரோலரின் தலையில் விழும். ஒரு மாஸ்ஃபெட் வரிசை போதாது. மூன்று கம்பிகளுக்கு மேலும் கீழுமாக ஆறு வேண்டும். காந்தம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். 1990-களில் வந்த ஏவியாக்ஸ் போன்ற மோட்டார்களில் இதற்காகவே உணரிகள் இருந்தன. மூன்று பெரிய கம்பிகளோடு ஒரு கொத்து மெல்லிய கம்பிகளும் சேர்ந்து வரும். பிறகு உணரிகளைத் தூக்கிப்போடும் வித்தை வந்தது. எந்த நொடியிலும் இரண்டு கம்பிகளில்தான் மின்சாரம் ஓடுகிறது. மூன்றாவது சும்மா இருக்கிறது. சுழலும் காந்தம் அந்தச் சும்மா இருக்கும் சுருளில் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தூண்டும். அது நடுநிலையைக் கடக்கும் கணத்தைப் பார்த்து, அடுத்த படி எப்போது என்று கன்ட்ரோலர் கணக்கிடுகிறது. மோட்டார் நிற்கும்போது தூண்டலே இல்லை என்பதால், புறப்படும்போது மட்டும் குருட்டுத்தனமாகத் தள்ளிப் பார்க்கும். சில மோட்டார்கள் புறப்படுகையில் திக்கித் திணறுவது அதனால்தான்.

இந்த வேலையின் வேகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். இன்று பரவலாக உள்ள வெளிக்கூடு சுழலும் மோட்டார்களில் 14 காந்தங்கள், அதாவது 7 ஜோடிகள். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் மின்சுழற்சி 70,000. ஒவ்வொன்றுக்கும் ஆறு படிகள். வினாடிக்கு 7,000 முறை கன்ட்ரோலர் முடிவெடுக்கிறது. மூன்று கம்பிகளில் எந்த இரண்டை மாற்றிச் செருகினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். பேட்டரியை இணைத்ததும் கேட்கும் 'பீப்' ஒலிக்குத் தனி ஸ்பீக்கர் கிடையாது. கேட்கக்கூடிய அதிர்வெண்ணில் சுருள்களுக்கு மின்சாரம் கொடுத்து மோட்டாரையே கன்ட்ரோலர் பேச வைக்கிறது.

பிரஷ் இல்லாத மோட்டாரும் கன்ட்ரோலரும் முதலில் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. 2000-களின் தொடக்கத்தில் அதை உடைத்தவர்களில் பழைய சிடி டிரைவைப் பிரித்தவர்களுக்கும் பங்கு உண்டு. தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டாரை வெளியே எடுத்து, உள்ளிருந்த வளையக் காந்தத்தைப் பெயர்த்துவிட்டு நியோடிமியம் காந்தத் துண்டுகளை ஒட்டினார்கள். மெல்லிய சுருளைப் பிரித்துத் தடித்த கம்பியைச் சுற்றினார்கள். கையகல விமானத்துக்குப் போதுமான சக்தி அதிலிருந்தே கிடைத்தது. ஜெர்மனியில் லூக்காஸ், ரெட்ஸ்பாக், கூஃபுஸ் என்ற மூவர் உருவாக்கிய எல்ஆர்கே சுற்றுமுறை வீட்டுப் பட்டறைகளில் பரவியது. பற்சக்கரம் இல்லாமலே பெரிய ப்ரொப்பெல்லரைச் சுற்றும் இந்த வகை மோட்டார்களை செக் நாட்டின் மாடல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்கள் தயாரிப்பாகக் கொண்டுவந்தன. சீனத் தொழிற்சாலைகள் இறங்கியதும் விலை சரிந்தது.

அதே ஆண்டுகளில் 'லைபோ' எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்தது. பழைய கன்ட்ரோலர்களின் கட்-ஆஃப் நிக்கல்-காட்மியம் பேட்டரிக்காக 5 வோல்ட் பக்கம் வைக்கப்பட்டது. மூன்று செல் லைபோவை அதில் மாட்டினால் செல்லுக்கு 1.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் மோட்டார் நிற்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனாலே லைபோ கெடத் தொடங்கும். ஒரே பறப்பில் புது பேட்டரி உப்பிப்போன கதைகள் அந்தக் காலத்தில் சகஜம். இன்றைய கன்ட்ரோலர் செல்களை எண்ணி அதற்கேற்ப எல்லையை வைத்துக்கொள்கிறது; எத்தனை செல் என்று எண்ணிக்கையை 'பீப்' ஒலியால் சொல்லவும் செய்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்பது நல்ல பழக்கம்.

கடைசி அத்தியாயம் மென்பொருளுடையது. நான்கு மோட்டார் ட்ரோன்கள் வந்தபோது, நிதானமாகப் பறக்கும் விமானத்துக்குப் போதுமாயிருந்த கன்ட்ரோலரின் மந்தம் வெளியே தெரிந்தது. சமநிலை காக்க மோட்டாரின் வேகம் கணத்துக்குக் கணம் மாற வேண்டும். மலிவான பலகைகளில் இருந்த ஏடிமெகா8 சிப்பில் சைமன் கிர்பி எழுதிய திறந்த மென்பொருளை ஏற்றி ஆர்வலர்கள் வேகம் கூட்டினார்கள். பின்னால் நார்வேயிலிருந்து பிஎல்ஹெலி என்ற மென்பொருள் வந்தது. 2016-இல் வந்த டிஷாட் முறை, துடிப்பின் நீளத்தை அளக்கும் பழைய வழக்கத்தையே விட்டுவிட்டு, த்ராட்டில் அளவை எண்ணாகவே அனுப்பியது. பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும் நான்கு பிட்டுகளும் அதோடு போகும். மூலநிரல் மூடப்பட்ட பிஎல்ஹெலி_32 பல ஆண்டுகள் கோலோச்சி 2024-இல் நின்றுபோனது. அந்த இடத்தை ஏஎம்32 என்ற திறந்த மென்பொருள் பிடித்துவருகிறது.

இந்த வரலாறு கடைக்குப் போகிறவருக்கு என்ன சொல்கிறது? பொறியியல் மாணவர்கள் பரவலாக வாங்கும் ஒரு சேர்க்கையை எடுத்துக்கொள்வோம்: ஏ2212 என்ற 1000 கேவி மோட்டார், மூன்று செல் லைபோ, 30 ஆம்பியர் இஎஸ்சி. கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. பாரம் இல்லாமல் 11.1 வோல்ட்டில் நிமிடத்துக்கு 11,100 சுற்று. 30 ஆம்பியர் என்று எழுதியிருப்பதால் கன்ட்ரோலர் 30 ஆம்பியரைத் தள்ளிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கன்ட்ரோலர் எதையும் தள்ளுவதில்லை. எவ்வளவு இழுப்பது என்பதை ப்ரொப்பெல்லர்தான் தீர்மானிக்கிறது. 30 என்பது தாங்கும் எல்லை, அதுவும் நல்ல காற்றோட்டத்தில். பக்கத்தில் எழுதியிருக்கும் 40 ஆம்பியர் சில வினாடிகளுக்கான கணக்கு.

ஒரே பிட்ச், ஒரே சுற்று வேகம் என்றால் ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி விட்டத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறும். 9 அங்குலத்திலிருந்து 10 அங்குலத்துக்கு மாறினால் ஒன்றரை மடங்கு. கன்ட்ரோலர் புகைந்துபோவதற்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு அங்குலம்தான் காரணம். எனவே முதலில் விமானம், பிறகு ப்ரொப்பெல்லர், மோட்டார், பேட்டரி. கன்ட்ரோலர் வாங்கும் வரிசையில் கடைசி. வாட்மீட்டரை இடையில் மாட்டி முழு த்ராட்டிலில் அளந்த ஆம்பியருக்கு மேல் கால்பங்காவது கூடுதலாக உள்ளதை வாங்க வேண்டும். பாதி த்ராட்டிலில்தானே பறக்கப்போகிறோம் என்று சின்னதாக வாங்கக் கூடாது. ஓயாமல் திறந்து மூடும் வேலையால் பாதி த்ராட்டிலிலும் மாஸ்ஃபெட்டுகள் நன்றாகவே சூடாகும்.

பிஇசியைத் தனியாகப் பார்க்க வேண்டும். மலிவான கன்ட்ரோலர்களில் இருப்பது லீனியர் வகை. உபரி வோல்ட்டை அந்தக் காலத்து ரெசிஸ்டர் போலவே எரித்துத்தான் தீர்க்கும். மூன்று செல் பேட்டரியில் சர்வோக்கள் ஒரு ஆம்பியர் இழுத்தால் 6 வாட் சூடு. நான்கு செல்லுக்கோ, சர்வோ அதிகமுள்ள விமானத்துக்கோ ஸ்விட்சிங் வகை பிஇசி வேண்டும். பேட்டரிப் பக்கக் கம்பியை நீட்டக் கூடாது. நீளம் கூடினால் உண்டாகும் மின்னழுத்தத் துள்ளல் பலகையிலுள்ள கபாசிட்டரைக் கொல்லும். தூரம் போதவில்லையென்றால் மோட்டார் பக்கத்து மூன்று கம்பிகளை நீட்டிக்கொள்ளலாம். கன்ட்ரோலரைப் பஞ்சில் பொதிந்து மூலையில் திணிக்காமல், காற்று வந்து போகும் இடத்தில் வைப்பது அவசியம்.

எல்லாம் பொருத்தியாயிற்றா? முதன்முதலாகப் பேட்டரியை இணைக்கும்போதும், மென்பொருள் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், மோட்டாரிலிருந்து ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.